ஊருக்கு ஓர் உலை

மண்வெட்டியின் வாய் தேய்ந்துவிட்டால் வரப்பு வேலை நின்றுவிடுவதில்லை. ஒரு நாளில் முடியவேண்டியது ஒன்றரை நாளாகிறது. அந்த அரை நாளை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. கடப்பாரையின் முனை மழுங்கிய பின்னும் அதைக் கொண்டே குழி தோண்டுகிறோம். களைக்கொட்டு வளைந்த பின்னும் அதைக் கொண்டே பெண்கள் களை எடுக்கிறார்கள். இதனால் ஏற்படும் நஷ்டம் தோள்வலியாகவும் இடுப்புவலியாகவும் வீட்டிற்குப் போகிறதேயன்றிச் சங்கத்தின் பேரேட்டிற்கு வருவதில்லை. நெசவாளர் வீட்டிலும் நிலைமை இதுவே. துணி சுற்றும் படைமரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பி முறிந்தாலோ, மிதிபலகையின் கொக்கி நிமிர்ந்துவிட்டாலோ, ஒரு சாண் இரும்பிற்காகத் தறி ஒரு பொழுது சும்மா கிடக்கிறது.

முன்னாளில் இக்குறைக்கு ஊரிலேயே பரிகாரம் இருந்தது. ஊர்க் கொல்லர் ஆண்டு முழுவதும் குடியானவர்களின் கருவிகளைக் காய்ச்சி அடித்துக் கொடுப்பார். அறுவடையின்போது களத்துமேட்டில் தமக்குரிய நெல்லை அளந்து வாங்கிச் செல்வார். உழவுமாடு குறைந்து டிராக்டர் பெருகியபோது கொழு காய்ச்சும் வேலை அவரைவிட்டு நீங்கிற்று. நெல் அறுக்கும் இயந்திரம் வந்தபோது அரிவாள் வேலையிலும் பெரும்பகுதி போயிற்று. கொல்லர் வீட்டுப் பிள்ளைகள் லேத்துப் பட்டறைக்கும் வெல்டிங் கடைக்கும் சென்றார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. படியளந்த களமே இல்லாதபோது உலையை யாருக்காக மூட்டுவது?

வெல்டிங் கடைதான் பக்கத்தில் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். வெல்டிங் முறிந்ததை ஒட்டவைக்கும். தேய்ந்ததை நீட்டித் தராது. சாணைச் சக்கரத்தில் பிடித்தால் கூர்மை வரும் என்பது மெய்யே. ஆயினும் சாணை இரும்பைத் தின்றுதான் கூராக்குகிறது. ஒவ்வொரு முறையும் கருவி குட்டையாகிறது. விரைந்து ஓடும் சக்கரத்தின் சூட்டில் வாயின் கடினமும் போய்விடுகிறது. உலையில் காய்ச்சி அடிக்கும்போதோ, பின்னால் தடித்துக் கிடக்கும் இரும்பே முன்னுக்கு வந்து புதிய வாயாகிறது. இரும்பு அதிகம் குறைவதில்லை. இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்துகொண்டால், ஊருக்கு ஓர் உலை ஏன் வேண்டும் என்பது தானே விளங்கும்.

கடையில் விற்கும் புதுக் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். அவை மலிவானவை, அவற்றை வாங்கவேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆயினும் ஆலையிலிருந்து வரும் மண்வெட்டி எல்லா மண்ணுக்கும் ஒரே அளவாக வருகிறது. செம்மண்ணில் கொத்துவதற்கும் வண்டல் களியை அள்ளுவதற்கும் இலையின் அகலமும் சாய்வும் வேறுபடவேண்டும் என்பது வயலில் நின்றவர்களுக்குத் தெரியும். வாங்கிய கருவியைத் தன் மண்ணுக்கும் தன் கைக்கும் ஏற்றபடி திருத்திக்கொள்ளக்கூட உலை வேண்டியிருக்கிறது.

உலை என்றதும் பெரிய ஏற்பாடு என்று அஞ்சவேண்டியதில்லை. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூச வருபவர் தெருவோரத்தில் என்ன செய்கிறார் என்பதை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். மண்ணில் ஒரு சிறு குழி. அதற்குள் பக்கவாட்டில் ஒரு குழாய். குழாயின் மறுமுனையில் கையால் சுற்றும் ஊதுசக்கரம். குழியில் இரண்டு படி கரி. குழி, கரி, காற்று என்னும் இம்மூன்றும் சேர்ந்தால் உலைதான். இரும்பை இளக்குவதற்கு அந்த உலையே சற்றுப் பெரிதாகவும் உறுதியாகவும் இருக்கவேண்டும்; அவ்வளவே.

இடமும் மேடையும்

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இரண்டு புறமாவது திறந்திருக்கும் கொட்டகை ஏற்றது. கூரை ஓடாகவோ தகரமாகவோ இருக்கட்டும். கீற்றுக் கொட்டகை கூடவே கூடாது, ஏனெனில் கரித்தீப்பொறி மேலெழுந்து பறக்கும். வைக்கோற்போருக்கும் நூல் கிடங்கிற்கும் பக்கத்தில் உலை வைக்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை அப்போதே விட்டுவிடவேண்டும். இடம் நிழலாகவும் இருத்தல் வேண்டும். காய்ந்த இரும்பின் நிறத்தைப் பார்த்தே கொல்லுவேலை நடக்கிறது. பட்டப்பகல் வெயிலில் அந்த நிறம் கண்ணுக்குப் புலப்படாது. வெயிலில் நின்று வேலை செய்பவன் இரும்பு இன்னும் காயவில்லை என்றெண்ணி அதை எரித்தே விடுவான்.

நம் பழைய கொல்லர்கள் தரையில் அமர்ந்து வேலை செய்தவர்கள். அவர்களுடைய உலையும் தரையோடு இருந்தது. புதிதாகக் கற்பவர்களுக்கு நின்று வேலை செய்யும் மேடையே நல்லது என்பது என் கருத்து. தவறி விழும் இரும்பிலிருந்து விலகி ஓட, நிற்பவனுக்குத்தான் முடியும்.

3 அடி நீளம், 2 அடி அகலம், 2½ அடி உயரத்தில் செங்கல்லை மண்சாந்தில் வைத்து நான்கு சுவர் எழுப்பிக்கொள்க. உள்ளே உலர்ந்த மண்ணைக் கொட்டித் திமிசு போட்டு இறுக்கவேண்டும். மேலே 6 அங்குலம் மட்டும் உலைமண்ணுக்காக விட்டுவைக்கவேண்டும். உலைமண்ணுக்குக் கறையான் புற்றுமண் சிறந்தது. கிடைக்காவிடில் நல்ல களிமண். அதில் ஒரு பங்கும் மணலில் இரண்டு பங்கும் சேர்த்து, இரண்டு கை உமியும் கலந்து, உருட்டினால் உதிராத அளவிற்கு மட்டும் தண்ணீர் தெளித்துப் பிசையவேண்டும். களி மிகுந்தால் வெடிக்கும். மணல் மிகுந்தால் உதிரும். சிமெண்டுக் கலவையை நெருப்பு படும் இடத்தில் எவ்வகையிலும் சேர்க்கவேண்டாம். சூட்டில் அதனுள் அடங்கியிருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ஆற்றுக் கூழாங்கல்லுக்கும் இதே ஆபத்து உண்டு. அழகிற்காகக் கூழாங்கல் பதிப்பவர்கள் கண்ணை இழக்கக்கூடும்.

இம்மண்ணில் இருப்புச்சட்டியின் வடிவில் ஒரு குழி அமையவேண்டும். வாய் 9 அங்குலம், ஆழம் 4 அங்குலம். காற்றுக் குழாய் குழியின் பக்கவாட்டிலிருந்து வரும். 1 அங்குலத் துளையுள்ள, சுவர் தடித்த, சாதாரண இரும்புக் குழாய் போதும். குழாயின் வாய் குழியின் அடித்தளத்திற்கு ஓர் அங்குலம் மேலே இருக்கட்டும். கரியின் சாம்பலும் இரும்பின் பொருக்கும் உருகிக் கிட்டமாகி அடியில் தேங்கும்போது குழாயை அடைக்காமலிருக்க அந்த ஓர் அங்குலம் வேண்டும். குழாய் முனை குழிக்குள் நீட்டிக்கொண்டிராமல் மண்ணுக்குள் அரை அங்குலம் உள்வாங்கியிருந்தால் நெடுநாள் உழைக்கும். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயை இதற்குப் பயன்படுத்தலாகாது. துத்தநாகம் 907 டிகிரி செல்சியசில் கொதிக்கும். உலையின் சூடு அதற்கும் மேற்பட்டது. அப்புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரத்திற்குள் குளிரும் காய்ச்சலும் காணும். தகர வாளி, கூரைத்தகடு, பூச்சுக் கம்பி முதலியவற்றை உலையில் இடக்கூடாது என்பதும் இதனாலேயே.

கட்டி முடித்த மேடையை அவசரப்பட்டு மூட்டிவிடக்கூடாது. முதல் நாள் ஈரச்சாக்கு போர்த்தி, பின்னர் நான்கைந்து நாள் நிழலில் உலரவிட்டு, அதன்மேல் உமித்தீயைப் புகையவிடவேண்டும். அப்போது தோன்றும் வெடிப்புகளை அதே மண்ணால் பூசி மறுபடி உலர்த்தவேண்டும். இந்த ஒரு வாரப் பொறுமை இல்லாதவர்கள் முதல் வேலையன்றே குழியைப் பெயர்த்தெடுக்க நேரும்.

காற்றும் கரியும்

பழைய பட்டறைகளில் ஆட்டுத்தோல் துருத்தி இருந்தது. புதிதாய்ச் சேர்ந்த பையனுக்குத் துருத்தி ஊதுவதே முதல் பாடம். ஆசான் இரும்பைப் புரட்டும் அழகைப் பார்த்துக்கொண்டே அவன் தொழிலின் பாதியைக் கற்றுக்கொண்டான். இன்று தோல் துருத்தி தேடி அலையவேண்டியதில்லை. கையால் சுற்றும் புளோயரும், மின்சாரத்தில் ஓடும் சிறு புளோயரும் நகரத்து இரும்புக் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டில் எதை வாங்குவது என்று என்னைக் கேட்டால் கைப்புளோயரையே சொல்வேன். கை நின்றால் காற்று நிற்கும், கரி மிஞ்சும், கற்பவர் பட்டடைப் பக்கம் திரும்பியிருக்கும்போது உலையிலுள்ள இரும்பு எரிந்துபோகாது. மின்சாரப் புளோயர் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அதை வாங்கியே தீருவது என்றால், காற்றைக் குறைக்க ஒரு சிறு தகட்டு மூடியாவது குழாயின் நடுவில் அமைத்துக்கொள்ளவேண்டும்.

காற்று மிகுந்தால் சூடு மிகும் என்று எண்ணுவது இயல்பு. அதில் பாதியே உண்மை. குழாயின் வாயருகே வரும் காற்றில் பிராணவாயு எரியாமல் மிஞ்சியிருக்கும். அங்கே இரும்பை வைத்தால் காய்வதற்கு முன்பே பொருக்குப் பொருக்காகக் கழன்று தேயும். அந்தக் காற்று இரண்டு மூன்று அங்குலக் கனலைக் கடந்து வரும்போது பிராணவாயுவைக் கரி எடுத்துக்கொண்டுவிடும். சூடு மட்டும் மிஞ்சும். ஆகவே இரும்பைக் குழாய் வாய்க்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, கீழும் கனல் மேலும் கனலாகப் படுக்கவைக்கவேண்டும். நுனியைக் கீழ்நோக்கிக் குத்தி வைப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை.

கரிக்கு நாம் வெளிநாட்டை எதிர்பார்க்கவேண்டியதில்லை. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக்கருவேல மரத்தைச் சுட்டு எடுக்கும் கரி தமிழ்நாடெங்கும் செல்கிறது. நிலத்தடி நீருக்குப் பகை என்று நாம் வெட்டி எறியும் அம்மரத்தின் கரி, நன்கு கனன்று நின்று எரிவது. நெல்லிக்காய்க்குக் குறையாமலும் எலுமிச்சம்பழத்திற்கு மிகாமலும் உடைத்துச் சலித்துக்கொண்டால் போதும். தூள் காற்றை அடைக்கும். கொட்டாங்கச்சிக் கரியும் நல்லதே. ஆனால் விரைவில் பொறிவிடும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி ஈரம் மிகுந்தது, இவ்வேலைக்கு ஆகாது.

பட்டடை

கொல்லுப்பட்டறை அமைப்பவர்கள் பட்டடைக்கே பெரும்பணம் செலவாகும் என்று தயங்குவார்கள். வார்ப்பு எஃகினால் ஆன நல்ல பட்டடை விலை உயர்ந்ததுதான். தொடக்கத்தில் அது தேவையில்லை. ஒன்றரை அடி நீளமுள்ள தண்டவாளத் துண்டு ஒன்று போதும். மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் அந்தத் துண்டு ஏறத்தாழ 24 கிலோ இருக்கும். அதைப் படுக்கவைத்து அடிப்பதைவிடச் செங்குத்தாக நிறுத்தி அதன் தலையில் அடிப்பது நன்று. அடியின் கீழே இரும்பின் கனம் முழுவதும் நிற்பதால் சுத்தியலின் வலு வீணாவதில்லை. புளியமரத்து அடிக்கட்டையில் குடைந்து இறுக்கி, கட்டையை ஓரடி ஆழம் மண்ணில் புதைத்துவிடலாம். கையைத் தொங்கவிட்டு நின்றால் மடக்கிய விரல்களின் முட்டி எங்கே நிற்கிறதோ அதுவே பட்டடையின் உயரம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தண்டவாளத் துண்டை யார் கொடுத்தாலும் வாங்கிவிடக்கூடாது. இரயில்வேக்குச் சொந்தமான பொருளை முறையற்று வைத்திருப்பது 1966ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமாகும். இரயில்வே ஏலத்தில் எடுத்த பழைய இரும்பு வியாபாரியிடம் இரசீதோடு வாங்கி, அந்த இரசீதைச் சங்கத்தின் கோப்பில் வைக்கவேண்டும். இரசீது தர மறுக்கும் கடையில் வேறு கனத்த இரும்புக் கட்டி ஏதேனும் இருந்தால் அதை வாங்கிக்கொள்ளலாம். பட்டடை என்பது தட்டையான முகமும் கனமும் உள்ள இரும்பு, அவ்வளவுதான். கருங்கல்லும் அம்மியும் உதவா. அடி பட்டால் சில்லு தெறிக்கும்.

ஒரு கிலோ எடையுள்ள சுத்தியல், வாய் நன்கு பொருந்தும் குறடு ஒன்று, ஓர் உளி, ஓர் அரம், வாளி நிறையத் தண்ணீர். சம்மட்டி பிறகு வாங்கலாம். முதல் மாதத்தில் குறடுகூட இல்லாமல் இருக்கலாம். இரண்டடி நீளக் கம்பியின் ஒரு முனையைக் காய்ச்சி மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டால் பல வேலைகளைச் செய்துவிடலாம்.

முதல் பாடம்

எல்லோருக்கும் அரிவாள் செய்யவேண்டும் என்று ஆசை. அதை ஓராண்டு தள்ளிவைக்கவேண்டும். முதலில் 10 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு கொக்கி. தறிக்கு வேண்டும், சாயப்பட்டறையில் நூற்சிட்டம் தொங்கவிட வேண்டும், மாட்டுக் கொட்டகையில் விளக்கு மாட்ட வேண்டும்; ஆகவே ஐம்பது கொக்கி அடித்தாலும் வீணாவதில்லை. கம்பியின் நுனியைக் கூராக்குவதிலேயே கற்கவேண்டியது அடங்கியிருக்கிறது. உருண்டைக் கம்பியை உருட்டி உருட்டி அடித்துக் கூராக்க முயன்றால் உள்ளே பிளந்துபோகும். முதலில் சதுரமாக அடித்து நீட்டி, பிறகு மூலைகளைத் தட்டி எட்டுப்பட்டையாக்கி, கடைசியில் உருண்டையாக்கவேண்டும். நுனி ஒன்றில் இதைச் சரியாகச் செய்தவர் கடப்பாரைக்கும் செய்துவிடுவார், அளவுதான் வேறு.

நிறத்தைப் பற்றி முன்னரே சொன்னேன். மங்கிய குங்குமச் சிவப்பு 700 டிகிரி அளவில் தோன்றும். அப்போது அடித்தால் இரும்பு வளையாது, கைதான் வலிக்கும். மாதுளம்பூச் சிவப்பு 800 டிகிரியை ஒட்டியது. செவ்விளநீர்க் காயின் நிறத்திலிருந்து பலாச்சுளை மஞ்சள் வரையில், அதாவது 950 முதல் 1,150 டிகிரி வரையில், அடிப்பதற்கு உகந்த பருவம். அதற்கு மேல் வெண்மை கண்டு மத்தாப்புப் போலப் பொறி பறந்தால் இரும்பே எரிகிறது என்று பொருள். அந்தத் துண்டை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. நிறம் குங்குமச் சிவப்பிற்கு இறங்கிவிட்டால் மறுபடி உலையில் இடவேண்டும். ஆத்திரத்தில் ஆறிய இரும்பை அடிப்பவர்கள் விரிசலை உண்டாக்குகிறார்கள்.

கடப்பாரையின் முனையை நீட்டிய பிறகு அதற்குத் தோய்ச்சல் கொடுக்கவேண்டும். இதுவே தொழிலின் நுட்பமான இடம். சற்று விரித்துச் சொல்கிறேன். முனையிலிருந்து மூன்று அங்குலத்தை மாதுளம்பூ நிறத்திற்குக் காய்ச்சவேண்டும். நிறத்தில் ஐயமிருந்தால் காந்தத்தைக் கொண்டு சோதிக்கலாம். 770 டிகிரிக்கு மேல் இரும்பு காந்தத்தை ஒட்டாது. காந்தம் ஒட்டாத நிலையைச் சற்றே தாண்டியதும் எடுத்து, முனையில் ஓர் அங்குலத்தை மட்டும் தண்ணீரில் தோய்த்து, மேலும் கீழும் அசைக்கவேண்டும். அசைக்காவிடில் தண்ணீர் மட்டத்தின் கோட்டிலேயே விரிசல் காணும். இப்போது முனை கண்ணாடிபோல் கடினமாகவும் அதைப்போலவே நொறுங்குவதாகவும் இருக்கும். உடனே வெளியே எடுத்து, ஒரு சாணைக்கல் துண்டால் முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். மேலே தங்கியிருக்கும் சூடு முனையை நோக்கி இறங்கி வரும். பளபளத்த இடத்தில் முதலில் வைக்கோல் மஞ்சளும், பின்பு பழுப்பும், அதன்பின் கத்தரிப்பூ நிறமும், கடைசியில் நீலமும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். வைக்கோல் மஞ்சள் ஏறத்தாழ 225 டிகிரி. நீலம் 300 டிகிரிக்கு அருகில். கல்லைக் குத்தும் கடப்பாரைக்குக் கத்தரிப்பூ நிறம் முனைக்கு வந்ததும் முழுவதையும் தண்ணீரில் ஆழ்த்தவேண்டும். வாயின் கடினமும் உடையாத தன்மையும் சேர்ந்து நிற்கும் இடம் அது. ஓடும் அந்த நிறங்களை ஒருமுறை கண்டவர்கள் இத்தொழிலை எளிதில் விடமாட்டார்கள்.

எல்லா இரும்பும் தோய்ச்சலை ஏற்பதில்லை என்பதையும் அறியவேண்டும். கட்டடக் கம்பியிலும் சாதாரணப் பட்டையிலும் கரிச்சத்து குறைவு. அவற்றை எத்தனை முறை தண்ணீரில் தோய்த்தாலும் வெட்டும் வாய்க்கு வேண்டிய கடினம் வராது. கொக்கிக்கும் கொண்டிக்கும் அவை போதும். வெட்டும் கருவிக்கு நூற்றுக்கு அரைப்பங்குக்கு மேல் கரிச்சத்துள்ள எஃகு வேண்டும். பழைய லாரி ஸ்பிரிங் பட்டை அத்தகையது. அரிவாள் அடிக்கும் பட்டறைகள் பலவற்றில் அதுவே மூலப்பொருள். அதைத் தண்ணீரில் தோய்த்தால் விரிசல் காணக்கூடும். எண்ணெயில் தோய்ப்பது நன்று. எண்ணெய் தீப்பற்றும், ஆகையால் மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் வைக்கவேண்டும். பிளாஸ்டிக் வாளி கூடாது. இன்ன இரும்பு என்று தெரியாதபோது சாணைச் சக்கரத்தில் ஒரு கணம் பிடித்துப் பாருங்கள்: பொறி நீண்ட கோடாக ஓடினால் மெல்லிரும்பு, மத்தாப்புப் பூவாகக் கிளைத்து வெடித்தால் கரிச்சத்து மிகுந்த எஃகு.

நொய்யல் ஆற்றங்கரையில் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் பழங்காலத்து இரும்பு உலைகளின் எச்சங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. மேடைகளில் அதைப் பற்றிப் பெருமிதத்தோடு பேசுகிறோம். அதே வட்டாரத்தில் இன்று ஒரு கடப்பாரை முனையை நீட்டித் தர எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

காப்பு

உலையில் சிவந்த இரும்பைக் கண்டு எல்லோரும் விலகுவார்கள். தீங்கு செய்வது பெரும்பாலும் கறுத்த இரும்பே. 400 டிகிரியில் உள்ள இரும்பு பகலில் கறுப்பாகத்தான் தெரியும். தொட்ட விரல் வெந்துவிடும். ஆகவே பட்டறையில் கீழே கிடக்கும் எந்த இரும்பையும் புறங்கையை அருகில் கொண்டுசென்று சூடு பார்த்த பின்பே எடுக்கவேண்டும். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுவதே முதலுதவி. மாவு, மை, பற்பசை, நெய் ஆகிய கைவைத்தியங்கள் புண்ணைக் கெடுக்கும். கொப்புளம் பெரிதானால் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

கண்ணாடி அணியாமல் சுத்தியல் எடுக்கக்கூடாது. மூடிய அறையில் கரியை மூட்டக்கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவிற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உடையைப் பற்றிச் சொல்லும்போது நம் நெசவாளர் அங்கத்தினர்கள் மகிழ்வார்கள்: பருத்தியாடையே இவ்வேலைக்கு உரியது. நைலானும் பாலியெஸ்டரும் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சங்கத்தில் தேங்கிக் கிடக்கும் முரட்டுப் பருத்தித் துணியில் பட்டறைக்கான மேலங்கிகள் தைத்துக்கொள்ளலாம். கையிருப்புப் பதிவேட்டிலும் ஒரு வரி குறையும்.

சங்கம் செய்யத்தக்கது

தணிக்கைக்காகப் பல ஊர்களுக்குச் செல்லும் எனக்கு ஒரு காட்சி பழகிப்போயிற்று. யாரோ ஓர் ஆர்வத்தில் வாங்கிய இயந்திரம் சாக்குப் போர்த்திக் கிடங்கில் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். பதிவேட்டில் மட்டும் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதப்பட்டுவரும். உலையும் அப்படி ஆகிவிடக்கூடாது. ஆகையால் பொருள் வாங்குவதற்கு முன் ஆளைத் தேடவேண்டும். அக்கம்பக்கத்து ஊர்களில் எங்கேனும் ஒரு முதிய கொல்லர் இருப்பார். கண் மங்கியிருக்கலாம், கை தளர்ந்திருக்கலாம். நிறம் பார்க்கும் பக்குவம் அவரை விட்டுப் போயிராது. நான் மேலே எழுதியவற்றை அவர் அரை மணி நேரத்தில் காட்டிவிடுவார். நான் எழுத முடியாதவற்றையும் காட்டுவார். வாரத்திற்கு இரண்டு நாள் அவரை வரவழைத்து மதிப்பூதியம் தருவது, மின்சாரப் புளோயர் வாங்குவதைவிட முதன்மையான செலவு. அவரைத் திண்ணையில் அமர்த்தி இலவசமாக யோசனை கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கும் நிர்வாகக் குழுவுக்கு உலை வேண்டாம்.

இத்தொழில் இன்ன குலத்தாருக்கே உரியது என்ற பழைய வரையறையைச் சங்கத்திற்குள் கொண்டுவரலாகாது. 18 வயது நிறைந்த எந்த அங்கத்தினரும், அவர் குடும்பத்தைச் சேர்ந்தவரும், ஆணாயினும் பெண்ணாயினும் கற்கலாம். வடநாட்டில் வண்டிகளிலேயே ஊர் ஊராகச் செல்லும் காடியா லோகார் மக்களிடையே பெண்களும் சம்மட்டி அடிக்கிறார்கள். நான்கு பேருக்கு மேல் ஒரே உலையில் கற்க இயலாது. நால்வரில் இருவர் முதல் மாதத்திலேயே நின்றுவிடுவார்கள். மற்ற இருவர் போதும்.

செலவை எந்தத் தலைப்பில் செய்வது என்பதற்கு முதலில் துணைவிதிகளில் சங்கத்தின் நோக்கங்களைப் பார்க்கவேண்டும். அங்கத்தினருக்குத் தேவையான கருவிகளை வழங்குவதும் பழுதுபார்ப்பதும் அதில் அடங்கியிருந்தால் நிர்வாகக் குழுத் தீர்மானத்தோடு தொடங்கலாம். இல்லையேல் பேரவையின் ஒப்புதலைப் பெற்றுத் துணைவிதியைத் திருத்திக்கொள்வதே முறை. வேளாண் சேவை மையம் நடத்தும் சங்கங்களுக்குக் கொட்டகையும் பதிவேடும் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே உலை ஒரு மூலையில் அடங்கிவிடும். கூலியைக் கருவிக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதிவிடவேண்டும். கடன் சொல்ல இடம் கொடுத்தால், களத்துமேட்டில் கொல்லருக்கு அளந்த நெல் எப்படி ஆண்டுக்காண்டு குறைந்ததோ அப்படியே இதுவும் ஆகும்.

பதிவேட்டில் ஐந்து பத்திகள் போதும்: தேதி, அங்கத்தினர் எண், கருவியும் செய்த வேலையும், செலவான கரி, வாங்கிய கூலி. கரிப் பத்தியை ஆசானே நிரப்பட்டும். அதே வேலைக்கு மாதத்திற்கு மாதம் கரி குறைந்துவந்தால் கற்பவர்களின் கை தேறுகிறது என்று அறியலாம். அதற்கென்று தனியே பரீட்சை வைக்கவேண்டியதில்லை.

மேடையின் மண் உலர்வதற்குப் பங்குனி, சித்திரை மாதங்கள் ஏற்றவை. அப்போது கட்டி, வைகாசி முழுவதும் கொக்கி அடித்துப் பழகினால், ஆடிப்பட்டத்திற்கு முன்பாக ஊரிலுள்ள கடப்பாரைகளையும் களைக்கொட்டுகளையும் கொண்டுவரச் சொல்லலாம். முதல் நாளன்று நிர்வாகக் குழுவினர் தங்கள் வீட்டுக் கருவிகளையே கொண்டுவந்து கொடுக்கட்டும். கெட்டுப்போனாலும் சண்டைக்கு வரமாட்டார்கள்.